பழைய முகம், புதுக் கணக்கு: ஆக்டோபாத் டிராவலர் 2 தொடங்குபவர்களுக்கு

ஜப்பானிய ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும் கதை கேம்) பக்கம் புதிதாக வருபவர் பாதியில் விட்டுவிட்டுப் போவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. ஒரு பாஸிடம், அதாவது வழியை மறிக்கும் பெரிய எதிரியிடம், தோற்பார். லெவல் போதவில்லை போல என்று அதே புல்வெளியில் மணிக்கணக்கில் சுற்றிச் சில்லறை மிருகங்களை அடிப்பார். திரும்பப் போவார், திரும்பத் தோற்பார். ‘பழைய காலத்து கேம், இப்படித்தான் இருக்கும்’ என்று மூடி வைத்துவிடுவார்.

முகத்தைப் பார்த்து ஏமாறுவதால் வரும் வினை இது. ஆக்டோபாத் டிராவலர் வகை கேம்களில் லெவல் ஓரளவுக்குத்தான் உதவும். எதிரியின் ஷீல்டை, அதாவது அதன் கேடய எண்ணை, எண்ணத் தெரிந்தால் உங்களைவிடப் பலசாலியையும் சாய்க்கலாம். தெரியாவிட்டால் பத்து லெவல் ஏறிப் போனாலும் மூச்சு வாங்கும். எதில் தொடங்குவது, யாரை முதலில் எடுப்பது, எப்படி எண்ணுவது என்று வரிசையாகப் பார்ப்போம்.

அந்தத் தோற்றம் என்ன?

நிண்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் என்ற கேம் கருவி ஜப்பானில் 1990-ல் வந்தது. அதன் கேம்கள் பெரும்பாலும் 256×224 புள்ளிகளுக்குள் உலகத்தையே வரைந்து காட்டின. பாத்திரங்கள் விரல் நுனி அளவு பிக்சல் பொம்மைகள். ஸ்பிரைட் என்று பெயர். 2018 ஜூலையில் ஸ்கொயர் எனிக்ஸும் அக்வைர் நிறுவனமும் நிண்டெண்டோ ஸ்விட்சில் கொண்டுவந்த முதல் ஆக்டோபாத் டிராவலர், அதே ஸ்பிரைட்டுகளை அன்ரியல் எஞ்சின் 4 என்ற கேம் கட்டும் மென்பொருளில் கட்டிய முப்பரிமாண அரங்கில் நிறுத்தியது. இந்தப் பாணிக்கு ஹெச்டி-2டி என்று பெயர் வைத்தார்கள்.

நவராத்திரிக் கொலுவில் படிக்குக் கீழே மணல் பரப்பி, குளம் வெட்டி, பார்க் கட்டி, நடுவில் அட்டைப் பொம்மைகளை நிறுத்தி, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதுதான். பொம்மை தட்டை, தண்ணீரும் வெளிச்சமும் நிழலும் நிஜம். திரையின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் மங்கலாகத் தெரிவது வேண்டுமென்றே செய்தது; கேமரா லென்ஸில் சின்ன மாதிரியைப் பார்க்கும் உணர்வு வருவதற்காக. உங்கள் டிவியில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

எதை வாங்குவது?

ஹெச்டி-2டி என்றதும் எல்லாம் ஒரே சரக்கு என்று எண்ணிக் கைக்கு வந்ததை வாங்குவது முதல் தவறு. டிரையாங்கிள் ஸ்ட்ராட்டஜி (2022) அச்சு அசலாக இதே தோற்றத்தில் இருக்கும். ஆனால் அது சதுரங்கம்போல் கட்டத்துக்குக் கட்டம் ஆளை நகர்த்தும் போர் கேம், பேச்சும் மிக நீளம். ஊர் ஊராகச் சுற்றும் ஆசையில் வாங்கினால் ஏமாற்றம்தான்.

டிராகன் குவெஸ்ட் 3-ன் மறு ஆக்கம் 2024 நவம்பரில் வந்தது. மூலம் 1988-ல் ஃபேமிகாமில் வந்தது. மூன்று கடினநிலைகள் உண்டு, விளையாட்டின் நடுவிலும் மாற்றலாம். ‘அடி, குணமாக்கு, அடுத்த ஊர்’ என்ற எளிய ஓட்டம் பிடித்தவர்களுக்கு இதுவே போதும். லிவ் எ லிவ் (மூலம் 1994, மறு ஆக்கம் 2022) தொடக்கத்தில் ஏழு காலகட்டங்களை வைத்து, எதில் வேண்டுமானாலும் தொடங்கு என்கிறது. ஆதிமனிதர் கதையில் வசனமே கிடையாது, எல்லாம் சைகை. இந்த கேம்கள் எதிலும் தமிழ் இல்லை என்பதால், ஆங்கிலம் படித்துக் களைத்துப் போகிறவர்களுக்கு அந்த அத்தியாயம் நல்ல வாசல். ஃபைனல் ஃபேன்டசி பிக்சல் ரீமாஸ்டர் வரிசை 1 முதல் 6 வரையிலான பழைய கேம்களையே துடைத்து மெருகேற்றித் தருகிறது. அதில் பழமை நிஜமாகவே பழமைதான்.

தோற்றம் பழையது, ஆட்டம் புதியது என்ற இரண்டும் சரியாகக் கூடிவந்த இடம் ஆக்டோபாத் டிராவலர் 2 (2023 பிப்ரவரி). முதல் பாகத்தை ஆடியிருக்கத் தேவையே இல்லை. உலகம் வேறு, ஆட்கள் வேறு, கதை வேறு. முதல் பாகம் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதில் தொடங்குபவர்கள் உண்டு. அதுவும் நல்ல கேம்தான். ஆனால் சண்டையை இரட்டை வேகத்தில் ஓட்டும் வசதி இரண்டாவதில்தான் இருக்கிறது. கதையை முடிக்க ஏறத்தாழ 60 மணி நேரம் ஆகும் கேமில் அது சின்ன விஷயமில்லை.

பணம் கட்டும் முன் டெமோ

ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், ஸ்டீம் மூன்றிலும் இதற்கு இலவச டெமோ வந்தது. மூன்று மணி நேரம் ஆடலாம். கேமின் முக்கியப் பாத்திரங்கள் எட்டுப் பேரில் யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம். அதில் சேவ் செய்ததை முழு கேமுக்குக் கொண்டுபோகலாம் என்பதால் ஆடியது வீணாகாது. ஆனால் எந்தக் கருவியில் டெமோ ஆடினீர்களோ அதே கருவியில்தான் வாங்க வேண்டும். ஸ்டீம் டெமோவின் சேவ் ஸ்விட்சுக்குத் தாவாது.

மூன்று மணி நேரத்தை ஒரே ஆளின் கதையில் செலவழிக்காதீர்கள். ஒருவரின் முதல் அத்தியாயத்தை முடித்துச் சேவ் செய்துவிட்டு, பக்கத்து ஊர்வரை போய் இரண்டாமவரைச் சேர்த்துப் பாருங்கள். இருவர் சேர்ந்து ஆடும் சண்டை எப்படி இருக்கிறது என்று பார்த்தால்தான் கேம் உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரியும். தனியாளாக ஆடும்போது இதன் ருசி பாதிகூட வெளியே வராது.

முதல் ஆளைத் தேர்ந்தெடுப்பது

எட்டுப் பேரையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் தொடங்கும் ஆளை, அவர் கதையைக் கடைசி அத்தியாயம்வரை முடிக்கும் மட்டும் பார்ட்டியிலிருந்து, அதாவது சேர்ந்து சண்டை போடும் குழுவிலிருந்து, எடுக்க முடியாது. நான்கு இடங்களில் ஒன்று அவருக்கே. ஆகவே ‘முகம் பிடித்திருக்கிறது’ என்பதோடு, ‘எல்லாச் சண்டையிலும் இவர் எனக்கு வேண்டுமா?’ என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதியவர்களுக்கு நாங்கள் சொல்வது வணிகர் பார்ட்டிட்டியோ. ஈட்டி, வில் என்று இரண்டு ஆயுதங்கள். பகலில் ஊர்க்காரர்களிடம் பொருளை விலைக்கு வாங்குவார். அவருடைய உள்சக்தி, சண்டையில் செலவழிக்கும் பூஸ்ட் புள்ளிகளை மளமளவென்று நிரப்பிவிடும். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அடுத்த பகுதியில் புரியும். அவர் ஊர் மேற்குக் கண்டத்தில் இருக்கும் ஓர்ஸ்ரஷ். அதே கண்டத்தில் நடனக்காரி அக்னியா, திருடி துரோனே, பாதிரியார் டெமனோஸ் மூவரும் கிடைப்பதால் கப்பல் ஏறாமலே நால்வர் பார்ட்டி சேர்ந்துவிடும்.

அறிஞர் ஆஸ்வால்டிடம் ஆசைப்பட்டுத் தொடங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அவர் கதை பனித் தீவுச் சிறைக்குள் தொடங்குகிறது. அத்தியாயம் முடியும்வரை வெளியே போக வழியில்லை. கதை அருமை, ஆனால் கேமைக் கற்றுக்கொள்ள அது வசதியான இடமில்லை. பின்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவர் பார்ட்டியில் இருந்தால் சண்டை தொடங்கும்போதே எதிரியின் பலவீனம் ஒன்று தானாகத் திறந்துகொள்ளும்.

சண்டை: ஷீல்டை எண்ணுங்கள்

எதிரியின் பக்கத்தில் ஒரு கேடயப் படமும் அதற்குள் ஒரு எண்ணும் இருக்கும். அதை ஒட்டிக் கேள்விக்குறி போட்ட கட்டங்கள். கட்டம் ஒவ்வொன்றும் ஒரு பலவீனம். ஆயுதம் ஆறு வகை: வாள், ஈட்டி, குத்துவாள், கோடரி, வில், தடி. மாயசக்தியும் ஆறு: நெருப்பு, பனி, மின்னல், காற்று, ஒளி, இருள். எதிரிக்கு ஆகாததால், அதாவது அதன் பலவீனமான ஆயுதத்தாலோ மாயசக்தியாலோ அடித்தால், ஒவ்வொரு அடிக்கும் ஷீல்டு எண் ஒன்று குறையும். பலவீனமில்லாத ஆயுதத்தால் எவ்வளவு பலமாக அடித்தாலும் எண் நகராது.

எண் பூஜ்யமானால் எதிரி ‘பிரேக்’ ஆகிவிடும். அந்த டர்னில் (எல்லோரும் முறைவைத்து அடித்து முடிக்கும் ஒரு சுற்று) மிச்சமிருக்கும் அதன் வாய்ப்பும், அடுத்த டர்ன் முழுவதும் போச்சு. அதுவரை விழும் அடி ஏறத்தாழ இரட்டிப்பு. பிறகு ஷீல்டு மறுபடி நிரம்பி எழுந்து, அடுத்த டர்னில் முதல் ஆளாக அடிக்கும்.

இதோடு சேர்ந்தது பூஸ்ட் புள்ளி, சுருக்கமாக பிபி. (ரத்த அழுத்தம் நினைவுக்கு வந்தாலும் தவறில்லை, பாஸ் சண்டையில் இரண்டும் ஏறும்.) சண்டை தொடங்கும்போது ஒவ்வொருவருக்கும் 1. டர்னுக்கு 1 கூடும். அதிகபட்சம் 5 சேரும். ஒரே நேரத்தில் 3 வரை செலவழிக்கலாம். சாதாரண அடியில் பிபி போட்டால் அடியின் எண்ணிக்கை கூடும்: 1 போட்டால் 2 அடி, 3 போட்டால் 4 அடி. திறன்களில் போட்டால் பெரும்பாலும் வலிமை கூடும். ஆனால் பிபி செலவழித்தால் அடுத்த டர்னுக்கான 1 வராது. புதியவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். டர்ன் தவறாமல் 1 பிபி போட்டு அடிப்பவருக்குக் கையில் எப்போதும் காலிதான்.

ஒரு சண்டையைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பாஸின் ஷீல்டு 6. குத்துவாளும் வில்லும்தான் அதன் பலவீனம் என்று கண்டுபிடித்தாயிற்று. உங்களிடம் துரோனே (வாள், குத்துவாள்), அக்னியா (குத்துவாள்), பார்ட்டிட்டியோ (ஈட்டி, வில்), டெமனோஸ் (தடி).

முதல் டர்னில் யாரும் பிபியைத் தொட வேண்டாம். துரோனே ஒரு குத்து, 5. அக்னியா ஒரு குத்து, 4. பார்ட்டிட்டியோ ஒரு அம்பு, 3. டெமனோஸ் தற்காப்பு.

இரண்டாம் டர்ன், எல்லோரிடமும் பிபி 2. அக்னியா ஒரு குத்து, ஷீல்டு 2. டெமனோஸ் காயம்பட்டவரைக் குணமாக்கட்டும். பார்ட்டிட்டியோ ஈட்டியால் அடிக்கலாம். ஷீல்டு குறையாது, உயிர் குறையும். துரோனே மட்டும் ‘தற்காப்பு’ எடுக்க வேண்டும். தற்காப்பு அடியைக் குறைப்பதோடு நிற்பதில்லை. அடுத்த டர்னில் வரிசையில் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். திரையின் மேலே ஓடும் வரிசைப் பட்டையில் இந்த டர்ன், அடுத்த டர்ன் இரண்டும் தெரிவதால், துரோனே பாஸுக்கு முன்னால் வந்துவிட்டாளா என்று உடனே பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் டர்ன், எல்லோரிடமும் 3. துரோனே 1 பிபி போட்டு இரண்டு குத்து. ஷீல்டு உடைந்தது. பாஸ் இன்னும் கையே ஓங்கவில்லை. ஆக இந்த டர்ன் வாய்ப்பும் போச்சு, அடுத்ததும் போச்சு. மீதி மூவரும் இப்போது பிபியைக் கொட்டிவிடக் கூடாது. அக்னியா தன் ‘லயன் டான்ஸ்’ திறனால் பார்ட்டிட்டியோவின் தாக்கும் வலிமையை ஏற்றட்டும். மற்றவர்கள் சாதாரணமாக அடிக்கட்டும்.

நான்காம் டர்ன்: துரோனேவிடம் 2, மற்ற மூவரிடமும் 4. பாஸ் மல்லாந்து கிடக்கிறது. இப்போதுதான் மூவரும் 3, 3, 3 என்று போட வேண்டும். துரோனே 2. கடைசியாக வருபவர் மட்டும் பார்ட்டியின் உயிரைப் பார்த்துக்கொள்ளட்டும், ஏனென்றால் ஐந்தாம் டர்னில் பாஸ்தான் முதலில் எழும்.

இதே பாஸை முதல் டர்னிலிருந்தே பிபி போட்டு அடித்திருந்தால் ஷீல்டு சீக்கிரமே உடைந்திருக்கும். ஆனால் உடைந்த நேரத்தில் எல்லோர் கையும் காலியாக இருந்திருக்கும். பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் இதுதான், லெவல் அல்ல. அதேபோல் பாஸ் அடித்து முடித்த பிறகு, டர்னின் கடைசியில் ஷீல்டை உடைப்பதும் நஷ்டம். இரண்டு வாய்ப்பைப் பறிக்க வேண்டிய இடத்தில் ஒன்றைத்தான் பறித்திருப்பீர்கள். அந்த நிலைமை வந்தால் எண்ணை 1-ல் நிறுத்திவிட்டு அடுத்த டர்னுக்குக் காத்திருங்கள்.

கையில் இல்லாத மாயசக்தி பலவீனமாக வந்தால்? நெருப்புக் கல், பனிக் கல் போன்ற ‘சோல்ஸ்டோன்’களை யார் வேண்டுமானாலும் எறியலாம். அதற்கும் ஷீல்டு குறையும். கிடைத்ததும் விற்றுவிடாமல் பாஸுக்கு வைத்திருங்கள். பலவீனத்தை ஒருமுறை கண்டுபிடித்தால் அடுத்த முறை அதே எதிரி வரும்போது திறந்தே இருக்கும். முதல் சந்திப்பில் எல்லா ஆயுதத்தையும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பது அதனால்தான்.

எதிரியின் வலிமையைக் குறைக்கும் திறனை இரண்டுமுறை போட்டால் இரண்டு மடங்கு குறையும் என்று நினைக்க வேண்டாம். அது நீடிக்கும் டர்ன்கள்தான் கூடும்.

ஊருக்குள்: பகலும் இரவும் ஒரு பட்டன்தான்

ஸ்விட்சில் இஸட்ஆர், பிளேஸ்டேஷனில் ஆர்2 அழுத்தினால் பகல் இரவாகும், இரவு பகலாகும். ஒவ்வொருவருக்கும் பகலில் ஒரு வேலை, இரவில் வேறு வேலை. துரோனே பகலில் திருடுவாள், இரவில் பின்னாலிருந்து மயக்கிச் சாய்ப்பாள். பார்ட்டிட்டியோ பகலில் வாங்குவார், இரவில் ஆளைக் கூலிக்கு அமர்த்துவார். அக்னியா இரவில் கேட்டு வாங்குவாள்; சரியான லெவல் இருந்தால் காசே இல்லாமல்.

புது ஊருக்குப் போனதும் ஆயுதக் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் சேவ் செய்யுங்கள். பிறகு தெருவில் நிற்கும் ஒவ்வொருவரிடமும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கடையில் விற்பதைவிட நல்ல ஆயுதம் ஏதோ ஒரு கிழவரின் பையில் இருக்கும். திருட்டுக்கு வெற்றி வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று திரையிலேயே காட்டும். தோற்றால் ஊரில் உங்கள் பெயர் கெடும். பல முறை தோற்றால் யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். மதுக்கடைக்காரருக்குக் காசு கொடுத்துத்தான் பெயரைச் சரிசெய்ய வேண்டும். சேவ் செய்துவிட்டு முயன்றால், தவறியதும் மறுபடி லோட் செய்யலாம். இதை ஏமாற்று வேலை என்பவர்கள் உண்டு. குறைந்த சதவீதத்தில் ஒரு நல்ல கோடரியைக் கண்டால் அவர்களும் லோட் செய்வார்கள்.

வெளியில் ஓட்டப் பட்டனைப் பிடித்தபடியே போனால் எதிரிகள் அடிக்கடி மறிப்பார்கள். இரவிலும் அப்படியே. உயிர் குறைந்து ஊர் திரும்பும்போது பகலாக்கி, நடந்தே வாருங்கள். ஒவ்வொரு பகுதியின் நுழைவிலும் அபாய அளவு எண்ணாகக் காட்டப்படும். உங்கள் லெவலைவிட அது மிக அதிகமென்றால் புதையல் பெட்டிகளில் இருப்பதை மட்டும் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

இரண்டாவது தொழில், வெளியே உட்கார்ந்திருக்கும் ஆட்கள்

ஒவ்வொரு தொழிலுக்கும் வரைபடத்தில் ஒரு சங்கம் உண்டு. அங்கே போய்ப் பேசினால் முதல் உரிமம் கிடைக்கும். அடுத்த உரிமங்களுக்கு அவர்கள் சொல்லும் வேலையை முடிக்க வேண்டும். உரிமம் ஒன்றை ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும். கொடுத்தால் அவருடைய ஆயுத வகைகள் கூடும், அதாவது ஷீல்டை உடைக்கும் வழிகள் கூடும். உரிமத்தை யாருக்குத் தருவது என்று குழம்பினால் இதை மட்டும் பாருங்கள்: நால்வரையும் சேர்த்தால் எந்த ஆயுதம் விடுபடுகிறது? மேலே சொன்ன நால்வரிடம் கோடரி இல்லை. வேட்டைக்காரர், மருந்தாளர் இரண்டு தொழிலுக்கும் கோடரி உண்டு. ஆக அந்த உரிமங்களில் ஒன்றை முதலில் தேடுங்கள்.

திறன்களைக் கற்கக் கற்க அந்தத் தொழிலின் துணைத்திறன்கள் திறக்கும். தொழிலை மாற்றினாலும் அவை ஆளோடு வரும், நான்கை மாட்டிக்கொள்ளலாம். அறிஞர் தொழிலில் எதிரிகள் மறிப்பதைக் குறைக்கும் துணைத்திறன் ஒன்று இருக்கிறது. நீண்ட பயணத்தில் அதற்கு ஈடில்லை.

பார்ட்டிக்கு வெளியே மதுக்கடையில் காத்திருப்பவர்களுக்கு அனுபவப் புள்ளி ஒன்றும் சேராது. நால்வரை மட்டுமே வைத்து ஆடி முடித்து, மற்ற நால்வரின் இரண்டாம் அத்தியாயத்துக்குப் போகும்போது அவர்கள் முதல் அத்தியாய லெவலிலேயே நிற்பார்கள். எட்டுப் பேர் கதையும் முடிந்த பிறகு வரும் இறுதிப் பகுதி எட்டுப் பேரையும் கேட்கும். ஆகவே பார்ட்டிட்டியோவை வைத்துக்கொண்டு மற்ற மூவரை ஊருக்கு ஊர் மாற்றுங்கள். இழுத்துக்கொண்டு வர வேண்டிய ஆளுக்கு நல்ல கவசத்தை மாட்டி, பலமான இருவரோடு அபாய அளவு சற்று உயர்ந்த பகுதியில் நடக்கவிட்டால் சீக்கிரம் எட்டிப் பிடித்துவிடுவார்.

மேற்கில் நால்வரின் முதல் அத்தியாயமும் முடிந்ததும், இரண்டாம் அத்தியாயம் ஒன்றைத் தொடங்கும் முன் நியூ டெல்ஸ்டா துறைமுகத்துக்குப் போங்கள். அங்கிருந்து கேனல்பிரைனுக்குக் கப்பல் உண்டு. இறங்கிய ஊரிலேயே மருந்தாளர் காஸ்டி காத்திருக்கிறாள், கையில் கோடரியோடு.